பரண் மேல் இருக்கிற துப்பாக்கி

(மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்த குறைதீர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

வழக்கமா இந்த மாதிரி முகாம்களுக்கு எங்களை அனுப்பும்போது பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, இ-சேவைச் சான்றிதழ்கள் பற்றித்தான் பேசச் சொல்வாங்க. இன்னைக்கு நான் பேசப் போறது நாட்டுத் துப்பாக்கி பற்றி. பேரைச் சொன்னதும் பின்வரிசையில் நாலு பேர் எழுந்திருக்கப் பார்க்கிறீங்க. உட்காருங்கண்ணா. யார் வீட்டுல இருக்குன்னு நான் கேட்கப் போறதில்லை. எங்க வீட்டுல இருந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, மூணு ஏக்கர்ல மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டவர். காட்டுப்பன்றி இறங்குற ஊர். பயிர்ப் பாதுகாப்புக்குன்னு உரிமம் வாங்கி ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தார். குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற வகை. அரசுக் காகிதத்துல அதை எஸ்.பி.எம்.எல். என்பாங்க. அப்புச்சி இறந்து ஆறு வருஷம் கழிச்சு ஒரு பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது, மாமா மகன் பரண்ல இருந்து அதை இறக்கினான். பதினேழு வயசு. தோள்ல சாத்தி, கண்ணைச் சுருக்கி, தங்கச்சி பக்கம் திருப்பி, ஸ்டேட்டஸ் போட ஒரு வீடியோ எடுக்கச் சொன்னான். நான்தான் போனைப் பிடிச்சிட்டு இருந்தேன். காலியான துப்பாக்கிதானேன்னு எல்லாருமே நினைச்சோம்.

காலி இல்லை.

எப்படித் தெரிஞ்சதுன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். இல்லைன்னா ஆபத்து எங்க இருக்குன்னு புரியாது.

பள்ளிக்கூடத்துல 1857 சிப்பாய்க் கிளர்ச்சி படிச்சிருப்பீங்க. தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னாங்க, அதுல பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்குன்னு பேச்சுப் பரவி சிப்பாய்கள் மறுத்தாங்கன்னு படிச்சோம். ஏன் கடிக்கணும்னு அப்போ யாரும் நமக்குச் சொல்லலை. அந்த என்ஃபீல்டு துப்பாக்கி வாய் வழியா மருந்து போடுறது. அதோட தோட்டாங்கிறது ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே ஒரு பக்கம் கருமருந்து, இன்னொரு பக்கம் ஈயக் குண்டு. பொட்டலத்தின் நுனியைக் கடிச்சுக் கிழிச்சு, மருந்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டை மேல வச்சு, நீளக் கம்பியால அடிவரைக்கும் தள்ளணும். பிறகு குழலின் அடியில், வெளிப்பக்கம் இருக்கிற சின்ன முலைக்காம்பு போன்ற துளையில் ஒரு கேப்பு மாட்டணும். விசையை இழுத்தா குதிரை வந்து கேப்பை அடிக்கும், பொறி உள்ளே போகும், மருந்து பத்திக்கும்.

நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே மாதிரிதான். ஒரு வித்தியாசம், என்ஃபீல்டு குழலுக்குள்ளே சுருள் சுருளா வரி இருக்கும், அதனால அது ரைஃபிள். நம்மது வழுவழுன்னு இருக்கும். கெட்டிக்கிற முறையில மாற்றம் இல்லை.

இப்போ கவனிங்க. போலீஸ்காரர் வச்சிருக்கிற துப்பாக்கியை ஒரு இழுப்புல திறந்து உள்ளே தோட்டா இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம். இதுல திறக்கிறதுக்கு எதுவுமே கிடையாது. குழலோட அடி மூடியிருக்கும். வெளியே இருந்து பார்த்தா, கெட்டிச்ச துப்பாக்கிக்கும் காலித் துப்பாக்கிக்கும் ஒரு அணு வித்தியாசம் தெரியாது. எடையிலயும் தெரியாது. வாய்க்குள்ள கண்ணை வச்சுப் பார்த்தா இருட்டு மட்டும்தான் தெரியும். அப்படிப் பார்க்கிறதே தப்பு.

பயிற்சி எடுத்த சிப்பாய்க்கே இது தெரியாமப் போயிருக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்னு ஒரு இடத்துல பெரிய சண்டை நடந்தது. முடிஞ்ச பிறகு களத்துல கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினாங்க. 27,000-க்கும் மேல. அன்னைக்கு எடுத்த கணக்குப்படி அதுல சுமார் 24,000 கெட்டிச்ச நிலையிலேயே கிடந்தது. பாதிக்கு மருந்தும் குண்டும் இரண்டு தடவை போட்டிருந்தது. ஒன்றில் 23 தடவை. சத்தத்துலயும் பயத்துலயும் தன் துப்பாக்கி வெடிச்சதா இல்லையான்னு சுட்டவனுக்கே தெரியலை. வெடிச்சிருக்கும்னு நினைச்சு மேல மேல கெட்டிச்சிருக்கான். அதை அந்த நிலையில யாராவது சுட்டிருந்தா குழல் அவன் கையிலேயே பிளந்திருக்கும்.

"பழைய மருந்துங்க, இத்தனை வருஷத்துல நமுத்துப் போயிருக்கும்"னு ஒரு அண்ணன் இங்கே வர்ற வழியில என்கிட்ட சொன்னார். அவருக்கு ஒரு பதில் இருக்கு. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பழைய பீரங்கி வச்சிருந்தாங்க. 1780-ல் மூழ்கின ஹுசார் என்ற பிரிட்டிஷ் கப்பலோடது. 2013 ஜனவரியில் அதைத் துரு நீக்கிச் சுத்தம் செய்யப் போன ஊழியர்கள், அதோட வாய் அடைப்பை எடுத்தாங்க. உள்ளே குண்டும், 800 கிராம் அளவுக்குக் கருமருந்தும் அப்படியே இருந்தது. வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிட்டாங்க. மருந்து இன்னும் பத்தக்கூடிய நிலையிலதான் இருந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல ஆன மருந்து. நம்ம பரண்ல ஆறு வருஷம், பத்து வருஷம் இருந்தது எம்மாத்திரம்?

சரி, எங்க வீட்டுக்கு வர்றேன்.

வீடியோ எடுத்துட்டு இருக்கும்போது பக்கத்து வீட்டுத் தாத்தா சாணம் கேட்டு வந்தார். இராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர், அப்புச்சிக்குச் சிநேகிதர். வாசல்ல நின்னு பார்த்தவர் கத்தலை. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மெதுவா, "தம்பி, வாயை மேல காட்டு. விரலை வெளியே எடு. அப்படியே மண்ணுல படுக்க வை. எல்லாரும் வெளியே போங்க"ன்னு மட்டும் சொன்னார். எங்களை எல்லாம் களத்துமேட்டுக்கு அனுப்பிட்டார்.

பிறகு துப்பாக்கிக்கு அடியில் செருகியிருந்த கம்பியை உருவினார். அந்தக் கம்பியில அப்புச்சி ஒரு வெள்ளை நூல் சுற்றிப் பசை போட்டு வச்சிருந்தார். குழல் காலியா இருந்தா கம்பி அடிவரைக்கும் போகும், நூல் சரியா குழல் வாயில வந்து நிற்கும். உள்ளே ஏதாவது இருந்தா கம்பி முன்னாடியே முட்டிக்கும், நூல் மேலேயே நிற்கும். தாத்தா முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேரா வைக்காம, ஒதுங்கி உட்கார்ந்து, கம்பியை இரண்டே விரல்ல பிடிச்சு மெல்ல இறக்கினார். நூல் வாய்க்கு நாலு விரல்கட்டை மேல நின்னுடுச்சு.

அதுக்கு மேல அவர் ஒன்றும் செய்யலை. குத்தலை, தட்டலை, சுட்டுப் பார்க்கலை. "இதுக்கு மேல நம்ம வேலை இல்லை"ன்னு சொல்லி காவல் நிலையத்துக்குப் போன் போடச் சொன்னார். கேப்பு மாட்டாம இருந்ததாலதான் நாங்க இன்னைக்கும் முழுசா இருக்கோம். கேப்பு இல்லைன்னா வெடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள இருக்கு, அதையும் நம்பாதீங்க. நெருப்பு எந்த வழியா உள்ளே போனாலும் மருந்துக்கு ஒன்றுதான்.

இதுல எனக்கு ரொம்ப நாள் புரியாதது, அப்புச்சி எப்படி இதைக் கெட்டிச்சு வச்சுட்டுப் போனார்ங்கிறது. அவர் கவனமான மனுஷன். கெட்டிக்கும்போது பீடியை யாரும் பக்கத்துல பத்த வைக்கக் கூடாது. மருந்தைப் பெரிய டப்பாவில இருந்து நேராக் குழலுக்குள்ள கொட்ட மாட்டார். முந்தின வேட்டுல கனல் மிச்சம் இருந்தா டப்பாவே கையில வெடிக்கும்னு சொல்வார். சின்ன அளவுக்குப்பியில எடுத்துத்தான் போடுவார். குண்டு மருந்து மேல நல்லா உட்காரணும், நடுவுல இடைவெளி இருந்தா குழல் வீங்கிப் பிளக்கும்னும் அவருக்குத் தெரியும். பட்டாசு மருந்தைத் தொடவே மாட்டார். அது எவ்வளவு வேகமா எரியும்னு யாருக்கும் கணக்குத் தெரியாது. இந்தக் காலத்துத் தோட்டாக்குள்ள இருக்கிற புகையில்லா மருந்தும் அப்படித்தான், இந்தக் குழல் அதைத் தாங்காது. கேப்பு மாட்டுறது கடைசியா, வயல்ல நின்ன பிறகு. விசையை இழுத்தும் வெடிக்கலைன்னா உடனே தோள்ல இருந்து இறக்கி வாயை எட்டிப் பார்க்கக் கூடாது. சில சமயம் உள்ளே புகைஞ்சுட்டே இருந்து தாமதமா வெடிக்கும். அதனால வாயை வெற்று மண்மேட்டுப் பக்கம் காட்டியபடியே நூறு எண்ணுவார். அதுக்கப்புறம்தான் மற்றது.

சுட்ட நாள்ல சுத்தம் பண்ணாம சாப்பிட மாட்டார். முதல்ல நூல் பார்த்துக் குழல் காலின்னு உறுதி பண்ணிக்குவார். பிறகு வெந்நீர் ஊற்றி, கம்பி நுனியில துணி சுற்றி, கறுப்புப் போகிற வரைக்கும் இழுப்பார். கேப்புத் துளையை ஊசியால நெருடி, வெயில்ல காய வச்சு, எண்ணெய்த் துணி விடுவார். எங்க அம்மாயி திட்டிட்டே இருப்பாங்க, சோறு ஆறுதுன்னு. காரணம் இருக்கு. கருமருந்து எரிஞ்ச மிச்சம் உப்பு மாதிரி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ஒரு ராத்திரி விட்டாக்கூடத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துரு குழலை உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பளபளன்னு இருக்கும். அடுத்த வேட்டுல எந்த இடம் மெலிஞ்சிருக்கோ அங்கே பிளக்கும். உரிமம் இல்லாம, தண்ணிக் குழாய் மாதிரி கிடைச்ச குழாயை வச்சுச் செய்யற துப்பாக்கிக்கு முதல் வேட்டே இந்தக் கதிதான். கை போனவங்க, கண் போனவங்க இந்த மலைப்பக்கம் இருக்காங்க. உங்களுக்கே தெரியும்.

இத்தனை ஒழுங்கா இருந்தவர் ஏன் விட்டார்? அம்மாயிகிட்ட கேட்டப்புறம்தான் தெரிஞ்சது. கடைசி ராத்திரி காவலுக்குக் கெட்டிச்சிருக்கார். பன்றி வரலை. வழக்கமா விடிகாலையில மண்மேட்டுல சுட்டுக் காலி பண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அன்னைக்கு விடிகாலையில நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ்ல போனவர் திரும்பலை. கேப்பை மட்டும் கழற்றியிருக்கார். யாரோ துப்பாக்கியை எடுத்துட்டு வந்து பரண்ல வச்சிருக்காங்க. கவனக்குறைவுன்னு யாரையும் சொல்ல முடியாது. அதனாலதான் இதை உங்ககிட்ட இவ்வளவு நேரம் சொல்றேன். உங்க அப்பா, தாத்தா எவ்வளவு கவனமானவரா இருந்தாலும் அந்தத் துப்பாக்கி காலியா இருக்கும்னு அர்த்தம் இல்லை.

இன்னொரு தப்பும் நடந்தது, அது சட்டம் சம்பந்தப்பட்டது. அப்புச்சி இறந்த பிறகு மாமா ஒரு அலுவலகத்துல போய் விசாரிச்சார். "வாரிசு நீங்கதானே, வீட்டுலயே இருக்கட்டும், மெதுவா பேர் மாத்திக்கலாம்"னு அங்கே ஒருத்தர் சொல்லி அனுப்பிட்டார். தப்பான தகவல். அரசாங்கச் சம்பளம் வாங்குற நானே இதைச் சொல்றேன், வாய்வழியா யார் என்ன சொன்னாலும் எழுத்துல வாங்குங்க.

சட்டம் சொல்றது இதுதான். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் ஒரு ஆளுக்கு. அவர் போனா உரிமமும் போச்சு, வாரிசுக்குத் தானா வராது. உரிமம் காலாவதி ஆனாலோ, ரத்தானாலோ, உரிமையாளர் இறந்தாலோ, துப்பாக்கியைத் தாமதிக்காம பக்கத்துக் காவல் நிலையத்துலயோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கணும். ஒப்படைச்சா சொத்து பறிபோயிடாது. விதியில் சொன்ன காலத்துக்குள்ள வாரிசு உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், இல்லைன்னா உரிமம் உள்ள வேறு ஆளுக்கு விற்கலாம். ஒன்றும் செய்யாம விட்டாத்தான் அரசுக்குச் சேரும்.

வாரிசா உரிமம் வாங்க 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு. இறந்த பிறகுதான் என்றில்லை. உரிமையாளருக்கு 70 வயசு ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே தன் வாரிசுல ஒருத்தரைச் சொல்லலாம். இங்கே பெரியவங்க யாராவது உரிமத்தோட வச்சிருந்தா, தயவுசெஞ்சு இதை இப்பவே செய்யுங்க. வாரிசுக்கு 21 வயசு ஆகியிருக்கணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளோட ஆட்சேபனை இல்லாக் கடிதம் வேணும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். ஆயுத உரிம விண்ணப்பம் மத்திய உள்துறையின் என்.டி.ஏ.எல்.–அலிஸ் இணையதளத்துல. போன்லயே திறக்கும், ஆனா ஆவணங்களைப் பதிவேற்ற இ-சேவை மையத்துல உட்கார்ந்து செய்யறது நல்லது. பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காவல்துறை விசாரணை அறிக்கைன்னு போகும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததுக்கான சான்றும் கேட்பாங்க. அந்தப் பயிற்சியைச் சம்பிரதாயமா நினைக்காதீங்க, எங்க அப்புச்சிக்குத் தெரிஞ்சதெல்லாம் அங்கே சொல்லித் தருவாங்க. உரிமம் 5 வருஷத்துக்குச் செல்லும். பழைய புத்தக உரிமத்துல தனி அடையாள எண் இல்லைன்னா அது இப்போ செல்லாது. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்க.

பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழி கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டா, உண்மையான தேவை இருந்தா கொடுக்கலாம்னு சட்டமே 13-வது பிரிவுல தனியாச் சொல்லுது. அதனால உரிமம் கேட்கிறது குற்றம் மாதிரி யாரும் கூச்சப்பட வேண்டாம். ஆனா அந்த உரிமம் வேட்டைக்கு இல்லை. மானையோ முயலையோ சுட்டா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியா வரும்.

உரிமமே இல்லாம வச்சிருக்கிறவங்களுக்கு வர்றேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாம வச்சிருந்தாலே குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. செய்து விற்றா குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். மாவட்டக் காவல்துறை அவ்வப்போது, இந்தத் தேதிக்குள்ள தாமா ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு அறிவிக்கிறதுண்டு. அறிவிப்பு வந்தா அதுல இருக்கிற தேதியையும் நிபந்தனையையும் முழுசாப் படிங்க. ஊர்ப் பெரியவர் மூலமா பேசி ஒப்படைக்கிறதும் நடக்குது.

எப்படி ஒப்படைச்சாலும் ஒரு விஷயம். சாக்குல சுற்றி பஸ்ல எடுத்துட்டுப் போகாதீங்க. பைக்ல பின்னாடி கட்டிட்டும் போகாதீங்க. நிலையத்துக்கு முதல்ல போன் பண்ணுங்க, "கெட்டிச்சிருக்கான்னு தெரியலை"ன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க. அவங்க வந்து எடுத்துப்பாங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்க அதைக் கொண்டுபோய், ஆயுதங்களைப் பழுது பார்க்கிற போலீஸ்காரர் வச்சு, தண்ணி விட்டு மருந்தை ஊற வச்சுத்தான் உள்ளே இருந்ததை எடுத்தாங்களாம். அவசரம்னா 112.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துல, கோயில் விசேஷத்துல துப்பாக்கியை வெடிச்சு மத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி நடந்தா 2 வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். ரீல்ஸ்ல போடுற வீடியோ அந்த வழக்குல நீங்களே கொடுக்கிற சாட்சி. என் போன்ல இருந்த அந்தப் பொங்கல் வீடியோ 11 விநாடி. அதுல என் தங்கச்சி சிரிச்சுட்டு நிக்கிறா. அழிச்சுட்டேன்.

பேசி முடிச்சதும் இரண்டு கேள்வி வந்தது, பதிலையும் சேர்த்து எழுதுறேன்.

ஒரு பெரியவர், "துப்பாக்கியைக் கொடுத்துட்டா பன்றிக்கு என்னம்மா பண்றது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விங்க. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம்னு 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. சுடுறது அவங்க, நாம இல்லை. சேதத்துக்கு இழப்பீடும் உண்டு. பன்றி இறங்கின அன்னைக்கே வயலைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.கிட்டயும் வனச்சரக அலுவலகத்துலயும் மனு கொடுங்க. இரண்டு நாள் கழிச்சு எடுத்தா மாடு மேய்ஞ்சதுன்னு சொல்லிடுவாங்க.

இன்னொருத்தர் ஒரு அம்மா. கூட்டம் கலைஞ்சப்புறம் தனியா வந்து, "எங்க ஊட்டுக்காரரோடது அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கு கண்ணு, நான் தூக்கி வெளிய வச்சிடட்டா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்மா, தொடவே வேண்டாம், அந்த அறையைப் பூட்டிட்டுப் பேரப்பிள்ளைகளை இந்தப் பக்கம் வச்சுக்கங்கன்னு சொன்னேன். அவங்க போன்லயே காவல் நிலையத்துக்கு அழைச்சுக் கொடுத்தேன். சாயந்திரம் வந்து எடுத்துட்டுப் போனாங்க, ரசீது கொடுத்தாங்க. அந்த ரசீதை அவங்க பேத்தி போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கா.